காத்துக்கு ஒரு வழி, சோத்துக்கு ஒரு வழி

டால்பினோட தொண்டையைத் திறந்து காட்டுற அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிடும். ஏறாம இருக்குமா? ஒரு வகுப்பே மூக்கைப் பொத்திக்கிட்டு என் கையையே பாத்துக்கிட்டு நிக்கும். மத்த நேரத்துல என்னை இப்படி யாரும் பாக்கறதில்ல. வீட்டுக்குப் போனா அண்ணன் இருக்காரு, அவரும் தட்டைத்தான் பாப்பாரு.

நான் கால்நடை மருத்துவக் கல்லூரியில உடற்கூறு சொல்லிக் கொடுக்கறவ. மூச்சுப் பாதைதான் என் பாடம். பசங்க எனக்கு வெச்சிருக்கிற பேரு 'குழாய் மேடம்'. பாடத்துக்காக வெச்ச பேருன்னு என்கிட்ட சொல்லுவாங்க. திறந்தா மூடத் தெரியாததுக்காக வெச்சதுன்னு எனக்குத் தெரியாதா என்ன? போகட்டும், வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

அன்னிக்கு ரெண்டு மேசை. ஒண்ணுல, பொறக்கும்போதே செத்துப்போன ஒரு கன்னுக்குட்டியோட தலை, அதுலேர்ந்து நுரையீரல் வரைக்கும் போற குழாய். இன்னொண்ணுல கரை ஒதுங்கின டால்பினோடது, அதே மாதிரி. ரெண்டு தலையையும் நெடுக்க வகுந்து, குரல்வளையை மட்டும் வெட்டாம ஒரு பாதியோட முழுசா விட்டு வெச்சிருந்தேன். சன்னல் எல்லாம் திறந்திருந்தும் மருந்து நெடி கண்ணைக் கரிச்சுது.

"முதல்ல சொந்தக்காரங்களை அறிமுகம் பண்ணிடறேன்"னு ஆரம்பிச்சேன். "டால்பினுக்கு மீன் பக்கத்து வீடு, அவ்வளவுதான். ரத்த சொந்தம் யாருன்னு கேட்டா இந்த மாடுதான். நம்பிக்கை இல்லேன்னா மூச்சுக்குழாயைத் தடவிப் பாருங்க. ரெண்டா பிரியறதுக்கு முன்னாடியே வலது பக்கம் தனியா ஒரு சின்னக் கிளை போகுதா? கன்னுக்குட்டிக்கும் இருக்கு, இவளுக்கும் இருக்கு. சில வீட்டுல எல்லாருக்கும் ஒரே மூக்கு இருக்குமே, அந்த மாதிரி இது குடும்பக் குழாய்."

சிரிச்சாங்க. சிரிப்பு கேட்டா எனக்கு இன்னும் நாலு வார்த்தை கூட வரும்.

கன்னுக்குட்டியோட குழாய் நீளம், அழுத்தினா அமுங்கும். டால்பினோடது கட்டை, அகலம், வளையங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி விறைப்பா நிக்கும். ஆழத்துல தண்ணி அழுத்தறப்ப நுரையீரல் சுருங்கிடும், அதுல இருக்கிற காத்து அமுங்காத இந்தக் குழாய்க்குள்ள ஏறிக்கும். இதையெல்லாம் சொல்லி முடிச்சிட்டு, எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்தேன்.

"தொண்டையைப் பாருங்க. மாட்டுக்கு இங்க ஒரு நாற்சந்தி. மூக்குலேர்ந்து வர்ற காத்தும் வாயிலேர்ந்து வர்ற தீனியும் இங்க ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போகுது. நடுவுல குரல்வளை நின்னு 'நீ போ, நீ நில்லு'ன்னு கை காட்டுது. நமக்கும் இதே கதைதான். அதனாலதான் சாப்பிடறப்ப பேசினா புரையேறுது. இப்ப டால்பினைப் பாருங்க. சந்தியே கிடையாது! குரல்வளை வாத்து அலகு மாதிரி நீண்டு, நேரா மேல ஏறி, மூக்குப் பாதைக்குள்ள சொருகிக்கிட்டு நிக்குது. சுத்தி ஒரு தசை வளையம் சுருக்குப்பை மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்கு. மீன் பக்கவாட்டுல ஒதுங்கி வயித்துக்குப் போகும். காத்து தலை உச்சியில இருக்கிற துளை வழியா நேரா நுரையீரலுக்குப் போகும். காத்துக்கு ஒரு வழி, சோத்துக்கு ஒரு வழி."

பின்னால ஒரு கை உயர்ந்துச்சு. முதுகலை படிக்கிற பொண்ணு. நாங்க அவளை 'நிதானம்'னுதான் கூப்பிடுவோம். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு பஸ் வந்து நின்னு கிளம்பிடும்.

"மேடம்... ஒரு டால்பின்... வாய் வழியா..."

"வாய் வழியா மூச்சு விடாதும்மா. விட முடியாது. வழியே இல்லாத இடத்துல காத்து எப்படிப் போகும்? அடுத்தது."

"இல்ல மேடம்... நான் ஒரு ஆராய்ச்சியில..."

"அடுத்தது!"

அவ கையை இறக்கிட்டா. நான் மேல போயிட்டேன்.

வழி இல்லாத இடத்துல காத்து எப்படிப் போகும்ங்கிற கேள்வி வகுப்புக்கு மட்டும் இல்ல. எங்க வீட்டுக்கும் அதேதான். போன வருஷம் அண்ணனுக்குத் தொண்டையில புத்துநோய் வந்து, குரல்வளையை மொத்தமா எடுத்துட்டாங்க. மூச்சுக்குழாயோட மேல் நுனியை முன்னால கொண்டுவந்து கழுத்துல ஒரு ஓட்டையா தைச்சு விட்டுட்டாங்க. மூச்சு அங்கதான் போகும், அங்கதான் வரும். வாய் சாப்பிடறதுக்கு மட்டும். ஆஸ்பத்திரி கட்டில்ல அவர் கண்ணு முழிச்சதும் நான்தான் சொன்னேன், "அண்ணே, நீங்களும் டால்பினும் இப்ப ஒரே கட்சி"ன்னு. சிரிப்பாருன்னு நினைச்சேன். சிரிக்கல.

அங்க ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வந்தாங்க, நல்ல பொம்பளை. குரல்வளை இல்லேன்னாலும் பேசலாம், வாயில இருக்கிற காத்தைச் சாப்பாட்டுக் குழாயோட மேல் பக்கம் தள்ளித் திருப்பி எடுத்தா சத்தம் வரும்னாங்க. அதாவது ஏப்பம். நான் சும்மா இருப்பேனா? டால்பின் தலையோட படத்தை போன்ல காட்டி, நுரையீரல் காத்து வாய்க்கு வர வழியே இல்லாதப்ப பேச்சு எங்கேர்ந்து வரும், ஏப்பத்துல ரெண்டு சொல் சொன்னா அது பேச்சா, அவருக்கு வீண் ஆசை காட்டாதீங்கன்னு ஒரு பாடமே எடுத்துட்டேன். அண்ணன் கூரையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நாள் பயிற்சிக்குப் போனாரு, அப்புறம் போகல. போகலன்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

நோய் வர்ற வரைக்கும் அண்ணன் டிரைவிங் ஸ்கூல்ல வாத்தியாரு. ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் கொடுத்தவரு. 'பிரேக் சார்'னா தெரியாதவங்க இல்ல. "பிரேக்! பிரேக்! அது பிரேக்குடா, உங்க பாட்டன் வீட்டு ஊஞ்சல் பலகை இல்ல!"ன்னு அவர் போடற சத்தத்துல தெருவுல நடந்து போறவங்க கூட நின்னுடுவாங்க. அண்ணி போனப்புறம் அவர் தனியா இருக்க வேண்டாம்னு என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். கூட்டிட்டு வந்தேன்னா என்ன, அவர் யோசிச்சுச் சொல்றேன்னாரு, யோசிக்கிறதுக்குள்ள நான் கட்டிலை வாங்கிப் போட்டுட்டேன். கல்யாணம் பண்ணிக்காதவ நான். "மாப்பிள்ளை பாக்க வந்தவன் எல்லாம் பேச இடம் கிடைக்காமத் திரும்பிட்டான்"னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

இப்ப வீட்டுல ரெண்டு பேர், ஒரு வாய். அவர் உதடு அசையும், சத்தம் வராது. நான் படிச்சுடுவேன். படிக்கிறது என்ன, பாதி அசையறதுக்குள்ள மீதியை நானே சொல்லிடுவேன். "சட்டையா? கொடியில காயுது. தலைவலியா? மாத்திரை அலமாரியில. வெளிய போறீங்களா? குடை எடுத்துக்குங்க." அண்ணனும் தலையாட்டிடுவாரு. வாயால ஊத முடியாதே, ஓட்டை கழுத்துல இருக்கே, அதனால டீயைக் கூட நான்தான் ஊதி ஆற வெச்சுக் கொடுப்பேன். வேற எந்தத் தங்கச்சி இப்படிச் செய்வா, சொல்லுங்க பாப்போம்.

ஆனா ராத்திரி தட்டைக் கழுவி வெச்சிட்டா வீடு கப்சிப்னு ஆயிடும். டிவி ஓடும், அண்ணன் அதைப் பாப்பாரு. நான் பிரிட்ஜ் கிட்ட பேசிக்கிட்டு இருப்பேன். "ஏன் இப்படி உறுமற, உனக்கு என்ன குறை"ன்னு. நிசமாவே பேசுவேன். எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. அண்ணன் ஒரே ஒரு தடவை என்னைத் திட்டணும். "வாயை மூடு பாப்பா"ன்னு பழைய மாதிரி ஒரு அதட்டல் போடணும். அம்பது தாண்டியும் எனக்கு எங்க வீட்டுல 'பாப்பா'தான் பேரு. அந்தப் பேரைச் சொல்ல இப்ப உலகத்துல ஒரு ஆள் கிடையாது. நடக்காதுன்னு தெரிஞ்ச ஆசை, அதனால யார்கிட்டயும் சொன்னதில்ல.

வகுப்பு முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு, காட்சிக்கு வைக்கக் கண்ணாடி ஜாடி வாங்கணும்னு கடைத்தெருப் பக்கம் போனேன். ஜாடிக் கடைக்குப் பின்னாலதான் அந்த டிரைவிங் ஸ்கூல் மைதானம். வெயில் சுள்ளுனு அடிச்சுது. நிழலா இருக்கட்டும்னு மதில் ஓரமா நடந்தேன். உள்ள ஒரு பழைய கார் முக்கி முனகி நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு நின்னு போச்சு. அதுக்குள்ளேர்ந்து ஒரு குரல்.

குரல்னு சொல்றதா என்னன்னு தெரியல. மரப்பெட்டியைத் தரையில இழுக்கிற மாதிரி, தாழ்வா, கரகரன்னு. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி.

"கிளட்ச்சை... மெதுவா... விடுங்க. வண்டி... ஓடியா... போயிடும்?"

எட்டிப் பாத்தேன். ஸ்டியரிங்ல ஒரு நடுவயசு பொம்பளை. பக்கத்துல எங்க அண்ணன்! கழுத்துல நான் தைச்சுக் கொடுத்த துணி மூடி. சன்னல்ல முழங்கையை ஊன்றி, பழைய பிரேக் சாராவே உக்காந்திருந்தாரு.

அந்தப் பொம்பளை ஏதோ கேட்டா. அவர் வாயை மூடி, கன்னத்தை இழுத்து, ஒரு மடக்கு காத்தை விழுங்கினாரு. அவ ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே காத்திருந்தா. அவசரமே இல்ல அவளுக்கு.

"உங்க... வீட்டுக்காரரை... ஓட்டறீங்களே. அதைவிட... இது... சுலபம்."

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அண்ணன் தோளும் குலுங்குச்சு, கழுத்துத் துணி படபடன்னு அடிச்சுது. எங்க வீட்டுல அந்தத் துணி அப்படி அடிச்சு நான் பாத்ததே இல்ல.

நான் சட்டுனு மதிலுக்குப் பின்னால ஒதுங்கிட்டேன், திருடி மாதிரி. ஏன் ஒதுங்கினேன்னு கேட்டா தெரியல. சந்தோசமாத்தானே இருக்கணும்? முகம் தெரியாத ஒருத்திக்கு ஜோக்கு, எனக்குத் தலையாட்டலா? வீட்டுல எலி வெளியில புலின்னு சொல்லுவாங்களே, அதை என் கூடப் பொறந்தவரே செஞ்சா எங்க போய் முட்டிக்கிறது?

வாசல்ல ஸ்கூல் ஓனரம்மா நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. என்னை அடையாளம் தெரிஞ்சு எழுந்தாங்க.

"வாங்க மேடம்! அண்ணனைப் பாக்க வந்தீங்களா?"

"இவர்... எப்பேர்ந்து இங்க...?"

"மழை ஆரம்பிச்சப்பவே வர ஆரம்பிச்சிட்டாரே. நீங்கதான் அனுப்பறீங்கன்னு நினைச்சேன். முதல்ல ஒரு வார்த்தைக்கு மென்னு விழுங்குவாரு, இப்ப பாருங்க, வாயாடி ஆயிட்டாரு. அவர் சத்தம் கேக்கணும்னு கத்துக்கறவங்க ரேடியோவைக் கூட நிறுத்திடறாங்க."

நான் வந்ததைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். ஜாடியை மறந்துட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சேன்.

பயிற்சியாளர் அம்மா அப்பதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாங்க. நான் உக்காரக் கூட இல்ல.

"எங்க அண்ணன் பேசறாரு! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். அவர் என்கிட்டதான்..."

"அப்ப எனக்கு ஏன் சொல்லல? நான் கூடப் பொறந்தவ. ஒரே கூரையில இருக்கேன். எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. விளக்குக்கு அடியில இருட்டா?"

"அவர்தான் சொல்ல வேண்டாம்னு..."

"ஏன்? நான் என்ன தப்பு பண்ணேன்? அவருக்கு சோறு போடலையா, துணி துவைக்கலையா, உதடு அசைஞ்சா போதும், நான் எல்லாத்தையும்..."

அவங்க ஸ்பூனை டப்பாவுல வெச்சிட்டு என்னையே பாத்தாங்க. கோவம் இல்ல, சிரிப்பும் இல்ல. பாத்துக்கிட்டே இருந்தாங்க. எனக்கே என் சத்தம் கேட்டுச்சு. நின்னுட்டேன்.

"முடிச்சிட்டீங்களா?"ன்னாங்க.

தலையாட்டினேன்.

"மேடம், நமக்கு நுரையீரல் நிறைய காத்து இருக்கு. பேசிக்கிட்டே போகலாம். அவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு வாய்க் காத்துதான். அதை உள்ள தள்ளி, திரும்ப எடுத்து, ரெண்டு மூணு சொல் சொல்லணும். மறுபடி முதல்லேர்ந்து. சொல் வர்றதுக்கு முன்னால ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி அவருக்கு வேணும். யாராவது அதுல புகுந்துட்டா உள்ள போன காத்து அப்படியே வயித்துக்குப் போயிடும். வீட்டுல முயற்சி பண்ணிப் பாத்தாரு. வயிறு உப்புசந்தான் மிச்சம்னு சொன்னாரு."

"நானா?"ன்னு கேட்டேன்.

அவங்க டப்பாவுல கொஞ்சம் எடுத்து எனக்கும் கொடுத்தாங்க. நான் அழுதுட்டேன். அழறப்பவும் ஏதோ பேசிக்கிட்டேதான் இருந்தேன்.

வீட்டுக்குப் போய் அன்னிக்கு ஒண்ணும் கேக்கல. கேட்டா சண்டை வரும், சண்டையில நான் மட்டும்தான் பேசுவேன். சீக்கிரமே போய்ப் படுத்துட்டேன். தவளை தன் வாயால கெடும்னு பாட்டா படிச்சவதான் நான், எனக்கு மட்டும் அது பொருந்தாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

மறுநாள் கல்லூரியில நிதானம் டால்பின் தலையை மருந்துத் தொட்டியிலேர்ந்து எடுத்துக் கழுவிக்கிட்டு இருந்தா. நான் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன்.

"அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தியேம்மா, வாய் வழியா மூச்சு விடற டால்பின்னு. சொல்லு."

அவ சந்தேகமா பாத்தா. "பரவாயில்ல மேடம்."

"சொல்லும்மா. நான் நடுவுல பேச மாட்டேன்."

சொன்னா. கடவுளே, எத்தனை நேரம்! நடுவுல கையுறையைக் கழட்டினா, கையைக் கழுவினா, மறுபடி மாட்டினா. என் நாக்கு பல்லுக்குள்ள துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எங்கேயோ ஒரு கடல்ல ஒரு சின்ன டால்பினை ஆராய்ச்சிக்காரங்க கவனிச்சிருக்காங்க. மேல வர்றப்ப எல்லாம் மத்ததுங்க மாதிரி உச்சித் துளையைத் திறக்காம, தலையைத் தூக்கி வாயைத் திறந்து மூச்சு விட்டிருக்கு. துளையில ஏதோ கோளாறு இருக்கலாம்னு எழுதியிருக்காங்களாம். சொருகியிருக்கிற குரல்வளையை அதுவே கீழ உருவி எடுத்து, தொண்டையில வழி பண்ணிக்கிச்சுன்னு நினைக்கிறாங்களாம்.

நான் கையுறையை மாட்டிக்கிட்டு டால்பினோட குரல்வளை முழுசா இருந்த பாதியில, தசை வளையத்துக்குள்ள விரலை விட்டேன். குரல்வளையைப் பிடிச்சு மெதுவா கீழ இழுத்தேன். கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. அப்புறம் வழுக்கிக்கிட்டு வந்து தொண்டையில விழுந்துச்சு. வாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவுல விரல் நுழையற அளவுக்கு ஒரு வழி.

எத்தனை வருஷமா இந்தத் தலைங்களை வெட்டிக் காட்டறேன்! ஒரு தடவை கூட இழுத்துப் பாக்கணும்னு தோணல.

"அதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்களாம்?"னு கேட்டேன்.

நிதானம் யோசிச்சா. நான் காத்திருந்தேன்.

"யாரும் இல்ல மேடம். மூச்சு முட்டினா... வேற வழி தேடும்ல."

"நீ சொன்னதுதான் சரி. அடுத்த வகுப்புல நீயே வந்து சொல்லிடு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். அவ முன்னாடி மறுபடியும் அழ எனக்கு விருப்பம் இல்ல.

சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து சூப்பு வெச்சேன், ரொட்டி வாட்டினேன். இன்னிக்கு வாயே திறக்கறதில்ல, அண்ணன் பேசற வரைக்கும் காத்திருக்கணும், ஒரு சொல்லாவது கேட்டுடணும்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கிட்டேன். அண்ணன் வந்து உக்காந்தாரு. சூப்புலேர்ந்து ஆவி பறந்துச்சு. வழக்கமா கிண்ணத்தை என் பக்கம் இழுத்து நான்தான் ஊதுவேன். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, ஸ்பூனால கிண்டிக் கிண்டி, தானே ஆற வெச்சுக் குடிச்சாரு. அதுக்கு என் உதவியே தேவைப்படல.

அப்புறம் உதடு அசைஞ்சுது. எனக்குப் புரிஞ்சுது. ஏதோ சொல்லணும்ங்கிறாரு.

"புரியலண்ணே"ன்னேன்.

மறுபடி அசைஞ்சுது, இன்னும் தெளிவா.

"புரியல."

வாழ்க்கையில முதல் தடவையா அண்ணன்கிட்ட அப்படிப் பொய் சொல்றேன். அவர் ஸ்பூனைக் கீழ வெச்சாரு. என் முகத்தை ரொம்ப நேரம் பாத்தாரு. நான் கண்டுபிடிச்சிட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு, அது எனக்கும் தெரிஞ்சுது. பிரிட்ஜ் உறுமிக்கிட்டு இருந்துச்சு. எனக்குள்ள ஒரு நூறு வாக்கியம் முட்டிக்கிட்டு நின்னுச்சு. மேசை விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

அவர் வாயை மூடினாரு. கன்னம் உள்ள போச்சு. தொண்டை ஏறி இறங்குச்சு.

"பாப்பா."

அண்ணன் குரல் இல்ல அது. ஆனா அண்ணன்தான். கண்ணு நிறைஞ்சு மேசை விளக்கு ரெண்டா தெரிஞ்சுது. ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்கணும், கத்தணும், பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லணும்னு இருந்துச்சு. "ம்"னு மட்டும் சொன்னேன்.

மறுபடி காத்தை விழுங்கினாரு.

"ஸ்கூல் மாடியில... ஒரு ரூம்... இருக்கு."

காத்திருந்தேன்.

"அங்க... போய்... இருக்கலாம்னு... பாக்கறேன்."

என் காதுல ஏதோ 'ங்ங்'னு கேக்க ஆரம்பிச்சுது. ஒரு வருஷமா நான் ஏங்கின குரல், அது எனக்குச் சொல்ற முதல் சேதி இதுவா? வாயைத் திறந்துட்டேன். திறந்தது தெரிஞ்சதும் மூடிக்கிட்டேன். அவர் கையைத் தூக்கி, இரு, இன்னும் இருக்குன்னு காட்டினாரு.

"கோவம்... இல்ல. நீ... நல்லாத்தான்... பாத்துக்கிட்ட."

ஒரு மடக்கு காத்து. கழுத்துத் துணி உள்ள போய் வெளிய வந்துச்சு.

"இங்க இருந்தா... நான்... பேச மாட்டேன்... பாப்பா. தலையாட்டியே... செத்துடுவேன்."

சொல்லி முடிச்சிட்டு மூச்சு வாங்கினாரு. நெத்தி வேர்த்திருந்துச்சு. இவ்வளவு நீளமா அவர் வேற யார்கிட்டயாவது பேசியிருப்பாரான்னு சந்தேகந்தான்.

இப்ப அவர் காத்திருந்தாரு. என் முறை. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை நான் சொன்னா அண்ணன் போக மாட்டாரு. அவரைப் பத்தி எனக்குத் தெரியாததா? நான் ஆரம்பிச்சா போதும். தனியா எப்படி இருப்பீங்க, ஓட்டையில சளி அடைச்சா யார் பாத்துக்குவாங்க, ராத்திரி மூச்சு முட்டினா யாரைக் கூப்பிடுவீங்க, ஊர் என்ன சொல்லும், என்னை யாருக்கு விட்டுட்டுப் போறீங்க. எல்லாம் நாக்கு நுனியில வரிசையா நின்னுச்சு. பாதி சொல்றதுக்குள்ள அவர் தலை ஆடிடும். நாளைக்குக் காலையில இதே மேசையில, இதே தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அவர் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் அதைச் சொல்லப் போறேன்னு அவருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. பயந்துதான் இருந்தாரு.

"எப்பண்ணே?"ன்னு கேட்டேன்.

அண்ணன் வாயை மூடிக் காத்தை விழுங்க ஆரம்பிச்சாரு. அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் காத்திருந்தேன்.